வட்ட மண்டபமும் பூசாத வீடும்

நேற்று காலை கடைவீதியில் பருப்பு வாங்க நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பழைய கோணிச் சாக்கை இழுத்து வந்து வாசலில் உதறினார். புளி இருந்த சாக்கு. தூசியோடு சேர்ந்து அந்தப் புளித்த சணல் வாசனை எழுந்து வந்தது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மூக்கில் ஒன்றுமில்லை. காது மடல்தான் சுட்டது. எழுபது வயதுக்கு மேல், பேரன் பேத்தி எடுத்த பிறகு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே ஒருத்திக்கு வெட்கத்தில் காது சுடுமா? சுட்டது. பருப்பு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால், "என்ன ஸ்டெல்லா, வெறுங்கையோட வரே?" என்று கேட்டிருப்பீர்கள். நானும் கடையில் கூட்டம் என்று ஏதாவது சொல்லி அடுப்படிக்குள் போயிருப்பேன். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சிலதை நாம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது கேட்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பெங்களூரில் குடித்தனம் வைத்த நாட்களில் நீங்கள் என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனதைவிட வீடு பார்க்க அழைத்துப் போனதுதான் அதிகம். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுவோம். கண்டக்டரிடம் "கடைசி ஸ்டாப், ரெண்டு" என்பீர்கள். எந்தத் திசை என்பதெல்லாம் உங்களுக்குப் பொருட்டில்லை. ஊர் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஊர் முடியவே இல்லை. ஒரு மாதம் ராகி வயலாக இருந்த இடத்தில் அடுத்த முறை மனைக்கல் நட்டிருக்கும். அதற்கடுத்த முறை போனால் பலகை அடித்து, கம்பி கட்டி, சுவர் எழும்பிக்கொண்டிருக்கும். ஏரிக்கரை மேல் ஒரு வரிசை வீடு, வற்றிய ஏரிக்குள்ளேயே இன்னொரு வரிசை. நீங்கள் வேலை பார்த்த கட்டடக்கலை ஆபீஸில் வரைந்த வீடும் அதில் ஒன்றிரண்டு இருக்கும். தெருவில் நின்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவீர்கள். "அந்த சன்ஷேடு நான் போட்டது. அந்தப் படி என்னுது." வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பேன். எனக்கு அப்போதே அந்தக் குணம்தான். யாராவது பார்த்தால் போதும், கூசிப்போவேன்.

அந்த ஆபீஸ் கட்டிய ஒரு சங்கீத மண்டபத்தின் முகப்பும் படிக்கட்டும் உங்கள் கைவேலை. திறந்த அன்று என்னையும் கூட்டிப் போனீர்கள். பாடியது கன்னடத்தில், எனக்கு ஒரு வரி புரியவில்லை. ஆனால் பாடகர் மூச்சை உள்ளே இழுப்பதுகூட நம் வரிசைக்குக் கேட்டது. "நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு கட்டணும் ஸ்டெல்லா" என்றீர்கள். அந்த மண்டபத்துக்கு ஒலிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பம்பாயிலிருந்து வந்த வேறொருவர் என்பதை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிற்பாடு, பட்ட பிறகுதான், அதைப் பற்றிப் பேசினோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. ஏரியூர்ப் பக்கத்து நிலத்தையும் அவரையும் பார்க்க வேறு ஆள் இல்லை. எனக்குத் தருமபுரியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. திரும்பி வந்தோம். ஊர் அப்போதுதான் கலெக்டர் ஆபீஸ் பக்கமாக நீள ஆரம்பித்திருந்தது. நிலக்கடலை போட்ட காட்டை மனை பிரித்து விற்றார்கள். கடைக்கோடி மனையை வாங்கினீர்கள். அதைத் தாண்டினால் பாறையும் கருவேல முள்ளும்தான்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் புது வீடு என்றால் ஒரு சாயல் உண்டு. முன்னால் போர்ட்டிகோ. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சிமெண்டுப் பூ. நெற்றியில் வீட்டின் பெயர், கட்டிய வருஷம். பச்சையோ ரோஸோ ஒரு டிஸ்டம்பர். தரைக்கு மொசைக். நீங்கள் கட்டிய வீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. வெளியே பூச்சே கிடையாது. செங்கல் மேல் செங்கல், நடுவே மெல்லிய சிமெண்டுக் கோடு. மேற்குப் பக்கம் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று வைத்துப் பொத்தல் பொத்தலாக ஒரு சுவர். சுற்றுச்சுவர் இல்லை. கேட்டும் இல்லை.

குடிபுகுந்த அன்று உங்கள் அப்பா தடியை ஊன்றி வாசலில் நின்று, சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, செங்கல்லு அம்மணமா நிக்குதே. எப்ப பூசப் போற?"

"பூசப் போறதில்லப்பா. இப்படியேதான்."

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"செங்கல்லுல கட்டுன வூடுன்னு நெனைப்பாங்க. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியாரின் கண்ணும் ஜெபம் முடியும்வரை சுவரில்தான் இருந்தது.

உங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் ஒருநாள் வீடு பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஸ்டெல்லா, எங்க வூட்ல சிமெண்டு மூட்டை கொஞ்சம் மிச்சம் கெடக்குது. அனுப்பட்டுங்களா? யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். "மழை நிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்கச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், ஈரத் தலையோடு, உள்பாவாடையோடு தெருவில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

அந்தச் சுவரை முதன்முதலில் தொட்டுப் பார்த்து மெச்சியவர் கரீம் பாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் மரக்கடை வைத்திருந்தார். நாடகப் பைத்தியம். நாடகம், கச்சேரி, பட்டிமன்றம் எதுவானாலும் நம் ஊரில் அப்போது பந்தல் போட்டுத்தான் நடக்கும்; மழை வந்தால் கலைந்துவிடும். அதற்கு ஒரு மண்டபம் கட்ட வேண்டுமென்று ஊரில் சில கடைக்காரர்களும் வாத்தியார்களும் சேர்ந்திருந்தார்கள். பாய் தன்னுடைய காலி மனை ஒன்றை அதற்குக் கொடுத்திருந்தார். ஒரு சித்திரை மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், மேலே பார்த்தார்.

"ஃபேனு போடலீங்களே, சார்?"

"இல்லீங்க பாய்."

"அப்பறம் எப்படிச் சில்லுனு இருக்குது?"

நீங்கள் பொத்தல் சுவரைக் காட்டினீர்கள். அவர் எழுந்துபோய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, சாரு இதே மாதிரி எங்களுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருவாருங்களா? கேட்டுச் சொல்லுங்க" என்றார், நீங்கள் பக்கத்தில் இல்லாததுபோல.

வட்டமாக வரைந்தீர்கள். சுற்றிலும் செங்கல் சுவர், மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி கான்கிரீட் கூரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி. நடுவில் தூண் ஒன்றுகூட இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரியும். வழியில் போகிறவர்கள், "தண்ணி டேங்குங்களா?" என்று கேட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வந்து, சாப்பிடாமல், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். கூரைக்கு முட்டுக்கொடுத்த சட்டங்களைப் பிரித்து, வண்ணத்துணி கட்டி, உள்ளே நின்று பார்த்தபோது எனக்கும் பெருமை வந்தது. உண்மையாகவே வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பொம்மிடியிலிருந்து என் அப்பாவையும், தம்பியையும், அவனுடைய புது மனைவியையும் வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு இறைவணக்கப் பாட்டு நானே சொல்லிக் கொடுத்தேன்.

திறப்பு விழா சாயங்காலம். உட்கார இடமில்லை, சுவரோரமாக நின்றார்கள். அப்பா சலவை வேட்டி கட்டி முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் நான். பெண்கள் மேடையேறிப் பாட ஆரம்பித்தார்கள். முதல் அடி முடிந்து இரண்டாம் அடி எடுத்தபோது, முதல் அடி கூரையிலிருந்து திரும்பி வந்து அதன்மேல் விழுந்தது. மூன்றாம் அடியோடு இரண்டும் சேர்ந்து வந்தன. வார்த்தை வார்த்தையின் மேல் ஏறி, எது பாட்டு எது எதிரொலி என்று தெரியாமல், பிள்ளைகள் தாளம் தப்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கையால் தாளம் போட்டுக் காட்டினேன். அந்தச் சத்தமும் சுற்றி வந்தது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பாட்டு நின்றது.

கரீம் பாய் வரவேற்க எழுந்தார். "பெரியோர்களே" என்றார். பெரியோர்களே, பெரியோர்களே, யோர்களே என்று கூரை சொல்லியது. பின்னாலிருந்து ஒருத்தன் அதே மாதிரி, "யோர்களே" என்றான். சிரிப்பு வெடித்தது. அந்த மண்டபத்தில் வேறெதுவும் புரியவில்லை. சிரிப்பு மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒரு பக்கம் சிரித்தது மறுபக்கம் போய், அங்கே சிரித்ததைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பாய் மைக்கை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தார். பிறகு நாடகத்தை ஆரம்பித்தார்கள். ராஜா வேஷம் போட்டவர் வாயசைத்தார். வசனம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. விசிலடித்தார்கள். ராஜா பாதியில் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது நீங்கள் மேடையேறினீர்கள். போகாதீர்கள் என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் அமைதியாக இருக்கச் சொல்லாமல், அமைதியாகும்வரை நின்றீர்கள்.

"தப்பு என்னுதுங்க" என்றீர்கள்.

என்னுதுங்க, என்னுதுங்க, னுதுங்க என்று அது சுற்றியது. நீங்கள் கட்டிய கூரையே உங்களைச் சுட்டிக்காட்டி மறுபடி மறுபடி சொல்லியது. முதலில் சிலர் சிரித்தார்கள். அது அடங்கும்வரை நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, "பாய் மேல தப்பில்ல. கொத்தனாருங்க மேல தப்பில்ல. வரைஞ்சது நான். சரி பண்ணித் தரேன்" என்றீர்கள். பிறகு சிரிப்பில்லை. அந்த அமைதி எனக்குச் சிரிப்பைவிடக் கொடுமையாக இருந்தது. எல்லாருக்கும் இப்போது பரிதாபம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

நம் வீட்டில் கோழி அடித்து எல்லாருக்கும் சமைத்து வைத்திருந்தேன். என் அப்பா வீட்டுக்கு வரவில்லை. மண்டபத்து வாசலிலேயே, என் முகத்தைப் பார்க்காமல், "பொம்மிடி பஸ்ஸு போயிரும்மா. வரோம்" என்றார். தம்பி மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்தப் பெயர் வந்தது. எக்கோ சார். நம் வீட்டைத் தாண்டிப் போகும் பையன்கள் சைக்கிளில் இருந்தபடியே, "சார், ஆர், ஆர்" என்று கத்திவிட்டுப் போவார்கள். நீங்கள் மேஜையிலிருந்து தலைநிமிர மாட்டீர்கள். எனக்கோ வகுப்பில் நடந்தது வேறு. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒருத்தி "உள்ளேன் டீச்சர்" என்பாள். பின் பெஞ்சில் யாரோ மெதுவாக, "ஈச்சர்" என்பார்கள். யார் என்று நான் தேடியதில்லை. கண்டுபிடித்துவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றுமில்லாவிட்டாலும் தேதியை அழித்து மறுபடி எழுதுவேன்.

வீடு கட்டித் தரச் சொல்லிப் பேசியிருந்த டாக்டர், "கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம் சார்" என்றார். இன்னொருவர் வரவேயில்லை. பெங்களூர் ஆபீஸிலிருந்து, திரும்பி வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அது வானத்திலிருந்து இறங்கின ஏணி மாதிரி இருந்தது.

"போயிடலாங்க" என்றேன். "அங்க நம்மள யாருக்கும் தெரியாது."

"மண்டபத்த என்ன பண்றது?"

"அவங்க பாத்துக்குவாங்க. இடிச்சுட்டு வேற கட்டிக்குவாங்க."

"இடிக்கற வரைக்கும் அது என் பேரச் சொல்லிக்கிட்டு இங்க நிக்கும். நான் அங்க உக்காந்து இன்னொருத்தருக்கு வூடு வரையணும். முடியுமா ஸ்டெல்லா?" என்றீர்கள்.

முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

பெங்களூருக்கு ஒருமுறை போய் வந்தீர்கள், வேலைக்கு அல்ல. அந்தப் பம்பாய்க்காரர் வந்திருந்த சமயம் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தீர்கள். வளைந்த சுவர் சத்தத்தைத் திருப்பி நடுவுக்கே அனுப்புகிறது. அதை வாங்கி விழுங்க மெத்தென்று ஏதாவது சுவரில் வேண்டும் என்றீர்கள். அதற்கென்று செய்த பலகையை வரவழைக்க யாருக்கும் பணத் தெம்பில்லை. புளிமண்டிகளில் பழைய சாக்கு மலைமலையாகக் கிடந்தது. அதில் தேங்காய் நாரை அடைத்துத் தைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தீர்கள். மண்டி மண்டியாகப் போய்ச் சாக்குக் கேட்டீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டு, பெண்கள் கூட்டத்தோடு கடைவீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். எதிரே நீங்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலையில் சாக்குக் கட்டு, தோளிலிருந்து நழுவும் இன்னொரு கட்டு. புளித்தூள் முகமெல்லாம். என் பக்கத்தில் வந்த பெண், "டீச்சர், உங்க வூட்டு சாரு!" என்றாள். கேலியாகக்கூட இல்லை, ஆச்சரியமாக. மொத்தக் கூட்டமும் நின்றது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோளில் இருந்த கட்டு நழுவிக் கீழே விழுந்து அவிழ்ந்தது. நீங்கள் தலைச்சுமையோடு குனிய முடியாமல் நின்றீர்கள்.

நான் குடையையும் பையையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து வந்து, சாக்குகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "நடங்க" என்றேன். மண்டபம்வரை நடந்தோம். வழியில் நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்; நான் கேட்கவில்லை. அன்பினால் வந்தாள் என்று கடைசிவரை நினைத்திருப்பீர்கள். அதை மட்டும் திருத்திவிடுகிறேன். அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பது, தூக்கிக்கொண்டு நடப்பதைவிட வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். காது முதல் கழுத்துவரை எரிய எரியத்தான் உங்கள் பின்னால் வந்தேன்.

சாக்குகளை அலசி மண்டபத்துப் படிகளில் காயப்போட்டோம். கோணி ஊசி பிடிக்கக் கரீம் பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா வந்தார். "என் வூட்டுக்காரரு அன்னிக்கு வந்து மூணு நாளு பேசலீங்க டீச்சர். நல்லா இருந்துச்சு" என்று சிரிப்பு மூட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் பார்க்காததுபோல் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். பாய் மரச்சட்டம் அறுத்துக் கொடுத்தார். ஒரு பகுதி சுவர் மூடியதும் நீங்கள் நடுவில் நின்று குரல் கொடுத்துப் பார்ப்பீர்கள். போதாது என்பீர்கள். மறுபடி தைப்போம். கடைசியில் கூரையின் உள்பக்கமும் மூங்கில் கட்டி, சாக்கு மெத்தைகளை மேலே ஏற்றினீர்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"மேடைல நின்னு ஏதாச்சும் பேசு ஸ்டெல்லா. கத்தாத. வூட்ல பேசற மாதிரி."

"என்னாங்க பேசறது?"

"எது தோணுதோ அது."

மேடையில் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலி நாற்காலிகள், அதற்கு அப்பால், முகம் தெரியாத தூரத்தில் நீங்கள். அவ்வளவு தூரத்துக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற நினைப்பில், எனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி மெல்லச் சொன்னேன்.

"எனக்கு வெக்கமா இருக்குதுங்க. கடைக்குப் போக வெக்கமா இருக்குது. கிளாசுக்குள்ள போக வெக்கமா இருக்குது. எங்கப்பா மொகத்துல முழிக்க முடியல. காலைல கண்ணு தெறந்ததும் மொதல்ல அதான் ஞாபகம் வருதுங்க."

எதுவும் திரும்பி வரவில்லை. சொன்னது சொன்னதோடு போயிற்று. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. இறங்கக் காலெடுத்தேன்.

"கேட்டுச்சு" என்றீர்கள் அங்கிருந்தே. சாதாரணக் குரல்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் என்னிடம் வந்தது.

எடுத்த காலைத் திரும்ப மேடையிலேயே வைத்தேன்.

"எனக்கும்தான் ஸ்டெல்லா" என்றீர்கள். "எனக்கும் காலைல எந்திரிச்சதும் அதான். நான் வெக்கமில்லாதவன்னு நெனச்சியா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். மேடையேறித் தப்பை ஒப்புக்கொண்டவருக்கு, தலையில் சாக்குச் சுமந்தவருக்கு அது உறைக்கவேயில்லை என்றும், இரண்டு பேருக்குமான வெட்கத்தையும் நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்றும் நினைத்திருந்தேன். கடைசி வரிசையில் நீங்கள் மூக்கை உறிஞ்சுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மண்டபம் சரியாகிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அதே பெண்கள் மறுபடி பாடினார்கள். ராஜா முழு வசனத்தையும் பேசி முடித்தார். மழை நாட்களில் சாக்கு ஈரம் வாங்கி, மண்டபம் முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை வரும். யாரோ, "நாடகமும் உண்டு, சாப்பாடும் உண்டுங்க" என்றார்கள். சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு சுற்றவில்லை. சிரித்த இடத்திலேயே நின்றது. ஊர் நம்மிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவுமில்லை. டாக்டர் வேறு ஆளை வைத்து வீடு கட்டிக்கொண்டார். அடுத்த கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு என் அப்பா சொல்லாமல் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் உங்களிடம் வந்து, "நல்லா கேட்டுச்சு மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தத் தடவை நம் வீட்டில் சாப்பிட்டார்.

வேலை ஒன்றொன்றாகத்தான் வந்தது. ஒரு வாத்தியார் வீடு, ஒரு வாசகசாலை, பிறகு அரூர்ப் பக்கம் ஒரு சிறிய கோயில். ஒவ்வொரு இடத்திலும் கூரை போடுவதற்கு முன்பு, "இங்க நின்னு பேசுனா எப்படிக் கேக்கும்?" என்று வீட்டுக்காரர்களையே படுத்தி எடுப்பீர்கள். அவர்களுக்கு அலமாரி எங்கே வரும் என்பதுதான் கவலை.

நம் வீட்டைத் தாண்டி ஊர் எங்கேயோ போய்விட்டது. பாறை இருந்த இடத்தில் கண்ணாடி பதித்த நாலு மாடி நிற்கிறது. அதன் நடுவே நம் சுவர் பூசாமலே இருக்கிறது. போன மாதம் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து, தொட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து, "மேடம், இவ்வளவு அழகான வீட்ல இருக்கறது எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அந்தப் புகழ்ச்சியை நான் வாங்கிக்கொள்வது நியாயமா? ஆயிரம் முறை இதைப் பூசிவிடலாமா என்று நினைத்தவள் நான். கூச்சத்தில், "சாரு இருந்தா சொல்லியிருப்பாருப்பா" என்றேன். மண்டபத்தில் இப்போது சாக்கு இல்லை. எப்போதோ கழற்றிவிட்டு நல்ல பலகை அடித்து, ஏசி போட்டுவிட்டார்கள். கல்யாணங்கள் நடக்கின்றன.

நீங்கள் போன அன்று தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பாய் வீட்டுப் பிள்ளைகள் அடித்தது. உங்கள் போட்டோ, உங்கள் பெயர். அதற்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'எக்கோ சார்'. நம் மகன் பார்த்துவிட்டுக் கோபத்தில் கிழிக்கப் போனான். அவன் பிறப்பதற்கு முந்தைய கதை. அவனுக்குக் கேலி மட்டும்தான் தெரிந்தது. "வுடு" என்றேன். "அந்தப் பேர்ல கேட்டாத்தான்டா ஊருக்கு அவரத் தெரியும்." சொல்லிவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சாவு வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் என்று நினைக்க நினைக்க, பெட்டியில் நீங்கள் கிடந்த அந்த நேரத்திலும் எனக்குக் கூசியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது நான் தனியாக இருப்பதால் மருந்து, கேஸ், சாமான் என்று யாராவது வீட்டைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். தெருப்பெயர் ஒருத்தருக்கும் தெரிவதில்லை. போன் செய்து, "எந்த வூடுங்கம்மா?" என்கிறார்கள். கதவு எண்ணைச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை.

"எக்கோ சார் வூடுங்க" என்கிறேன்.

சொல்லும்போது இன்றைக்கும் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வருகிறது. அவர்கள், "சரியா கேக்கலீங்கம்மா" என்கிறார்கள். இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்கிறேன்.